இரு பொருள் தரும் ஒரு சொல்: தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகளில் கிரேக்கப் பலபொருட் சொற்கள்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில் அமைந்துள்ள புக்கிட் மெர்தாஜாம் நகரின் புனித அன்னம்மாள் ஆலயம், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து வரலாறு உடையது. ஒவ்வோர் ஆண்டும் சூலை 26ஆம் நாளை ஒட்டி அங்கு நடைபெறும் திருவிழாவில் தமிழர், சீனர், யுரேசியர் எனப் பல இனத்தவரும் திரள்கின்றனர். கத்தோலிக்கர் மட்டுமின்றி, சீர்திருத்தச் சபைகளைச் சேர்ந்த தமிழ்க் கிறித்தவரும் இந்துக்களும் மெழுகுவர்த்தி ஏந்தி நிற்பதை அங்குக் காணலாம். தமிழ்த் திருப்பலியில் இயேசு கற்பித்த செபத்தைச் சொல்லும் கத்தோலிக்கர் 'அனுதின உணவு' வேண்டுகின்றனர். அவர் அருகே நிற்கும் மெதடிஸ்டு அல்லது லூத்தரன் சபைத் தமிழரோ, தம் வேதாகமத்தில் படித்தவாறு 'வேண்டிய ஆகாரம்' என்றே நினைவில் வைத்துள்ளார். அனுதினம் என்பது காலத்தைக் குறிப்பது. வேண்டிய என்பது தேவையைக் குறிப்பது. ஒரே செபத்தின் ஒரே சொல் எவ்வாறு இரு வேறு பொருளுடையதாயிற்று?

இதனை வெறும் நடை வேறுபாடு என்று ஒதுக்கிவிட இயலாது. சபை கடந்து மணம் புரிந்தோர் நிறைந்த நம் நாட்டுத் தமிழ்க் குடும்பங்களில், இரங்கல் வழிபாடுகளில் ஒரே பகுதி இரு வகையாக வாசிக்கப்படும்போது, 'எந்த நூல் பிழைபட்டது?' என்னும் வினா எழுவது இயல்பு. அவ்வினா தமிழாசிரியரிடமே பெரும்பாலும் வந்து சேர்கிறது. பிழை எந்த நூலிலும் இல்லை என்பதும், மூலச் சொல்லே இரு பொருளுக்கு இடங்கொடுக்கிறது என்பதும் விளக்கப்பட வேண்டியவை. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது அத்தகைய சில சொற்களையே. சமயக் கோட்பாட்டு விவாதம் நம் நோக்கமன்று. தமிழ் இலக்கணமும் தமிழ்ச் சொல்வளமும் இச்சொற்களை எவ்வாறு எதிர்கொண்டன என்பதே நம் ஆய்வுப்பொருள்.

மொழிபெயர்ப்புகள்

புதிய ஏற்பாட்டு நூல்கள் 'கொய்னே' எனப்படும் பொதுக் கிரேக்க மொழியில் இயற்றப்பட்டவை. சந்தையிலும் துறைமுகத்திலும் வழங்கிய மொழி அது. பார்த்தொலோமேயு சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714-15ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடியில் அச்சேறியது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு இதுவே. பின்னர் பப்ரிசியுவின் புதிய ஏற்பாடு 1772இல் சென்னை வேப்பேரியில் வெளிவந்தது. 19ஆம் நூற்றாண்டில் இரேனியு புதிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்டார். யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாருக்கு ஆறுமுக நாவலர் துணை நின்ற மொழிபெயர்ப்பு 1850இல் வெளிப்பட்டது. ஹென்றி பவர் தலைமையில் உருவான ஐக்கிய மொழிபெயர்ப்பு 1871இல் நிறைவுற்றது. இன்றளவும் சீர்திருத்தச் சபைகளில் பெருவழக்காக உள்ளது இதுவே. கத்தோலிக்கரும் பிற சபை அறிஞரும் இணைந்து உருவாக்கிய 'திருவிவிலியம்' என்னும் பொது மொழிபெயர்ப்பு 1995இல் திண்டிவனத்திலிருந்து வெளியிடப்பட்டது. இக்கட்டுரையில் 'பழைய மொழிபெயர்ப்பு' என்பது 1871ஆம் ஆண்டினதையும், 'பொது மொழிபெயர்ப்பு' என்பது 1995ஆம் ஆண்டினதையும் குறிக்கும்.

சொல் மாறும்போது சமூகம் கலங்குவது புதிதன்று. இரேனியு செய்த திருத்தங்களைத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) கடுமையாக எதிர்த்து எழுதினார். லூத்தரன் சபையினர் நெடுங்காலம் பப்ரிசியுவின் நூலையே விடாது போற்றினர். கடவுளைக் குறிக்கச் சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் எனத் தமிழில் மாறிவந்த சொற்களின் வரலாற்றை யாழ்ப்பாணப் பேராயர் சபாபதி குலேந்திரன் 1967இல் வெளியிட்ட 'கிறிஸ்தவ தமிழ் வேதாகமத்தின் வரலாறு' முதலிய நூல்களின் துணைகொண்டு அறியலாம். அவ்வரலாறு பலராலும் பேசப்பட்டுவிட்டது. கடவுட் பெயர்ச் சிக்கல், ஏற்கெனவே வேறு சமய வழக்கில் உள்ள சொல்லைக் கையாளலாமா என்பது பற்றியது. நாம் எடுத்துக்கொண்டதோ மூலத்திலேயே பொருள் இரண்டாகக் கிளைக்கும் சொற்களின் சிக்கல். அது குறைவாகவே ஆராயப்பட்டுள்ளது.

வினை வேறுபடாப் பலபொருள் ஒருசொல்

இச்சிக்கலுக்குரிய இலக்கணக் கருவி தொல்காப்பியத்திலேயே உள்ளது. கிளவியாக்கத்தில் தொல்காப்பியர் பலபொருள் ஒருசொல்லை இரண்டாகப் பகுக்கிறார். வினையால் பொருள் வேறுபட்டுத் தெளிவது ஒன்று. வினையாலும் வேறுபடாது நிற்பது மற்றொன்று. 'மா' என்னும் சொல்லை உரையாசிரியர் எடுத்துக்காட்டுவர். 'மா பூத்தது' என்றவழி மரம் என்பது விளங்கும். 'மா வீழ்ந்தது' என்றவழி மரமோ விலங்கோ என்பது விளங்காது. அத்தகைய இடத்தில், சொல்லுவோன் தான் கருதிய பொருளைத் தெரித்து மொழிய வேண்டும் என்பது தொல்காப்பியர் கருத்து.

சொல்லுவோன் தெரித்து மொழிய விரும்பாதபோது என்ன செய்வது? யோவான் நற்செய்தியின் மூன்றாம் அதிகாரம் இதற்குச் சிறந்த சான்று. நிக்கொதேமு என்னும் யூதப் பெரியவர் இரவில் இயேசுவிடம் வருகிறார். ஒருவர் 'ஆனோதென்' பிறக்க வேண்டும் என்று இயேசு கூறுகிறார். இக்கிரேக்கச் சொல்லுக்கு 'மேலிருந்து' என்றும் 'மறுபடியும்' என்றும் பொருள் உண்டு. பிறத்தல் என்னும் வினை இரண்டில் எதனையும் விலக்கவில்லை. 'மா வீழ்ந்தது' போன்ற நிலையே இங்கும் உள்ளது. நிக்கொதேமு இரண்டாம் பொருளைக் கொண்டு, முதியவன் தாயின் கருவறைக்குள் மீளப் புகுவது எப்படி என்று வினவுகிறார். உரையாடல் முழுவதும் இத்தவறான புரிதலை அச்சாகக் கொண்டே சுழல்கிறது.

தமிழ் மொழிபெயர்ப்புகள் இரண்டும் இங்கு 'மறுபடியும்' என்பதனையே தேர்ந்துள்ளன. காரணம் வெளிப்படை. 'மேலிருந்து' என்று மொழிபெயர்த்தால் நிக்கொதேமுவின் வினா பொருளற்றதாகிவிடும். ஆயின் 'மறுபடியும்' என்று கொண்டதனால் வேறோர் இழப்பு நேர்கிறது. அதே அதிகாரத்தின் 31ஆம் வசனத்தில் இதே சொல் மீண்டும் வருகிறது. அங்குப் பழைய மொழிபெயர்ப்பு 'உன்னதத்திலிருந்து' என்கிறது. 19ஆம் அதிகாரத்தில் பிலாத்துவிடம் இயேசு அதிகாரத்தைப் பற்றிப் பேசுமிடத்தில் அதுவே 'பரத்திலிருந்து' ஆகிறது. சிலுவையின் கீழ்ப் படைவீரர் சீட்டுப் போட்ட தையலில்லா அங்கியைப் பற்றிய இடத்தில் 'மேலே தொடங்கி' ஆகிறது. ஒரே நூலில் ஒரே கிரேக்கச் சொல்லுக்கு நான்கு தமிழ்ச் சொற்கள். ஒவ்வொன்றும் அவ்வவ்விடத்திற்குப் பொருந்துவதே. எனினும், மேலிருந்து பிறத்தல், மேலிருந்து வருதல், மேலிருந்து அளிக்கப்படுதல் என நூலாசிரியர் இழைத்த இழை தமிழ் வாசகர் கண்ணுக்குப் புலனாவதில்லை. லூக்கா நற்செய்தியின் முகவுரையில் இச்சொல் 'ஆதிமுதல்' என்று காலப்பொருளில் மொழிபெயர்க்கப்பட்டிருப்பதனையும் சேர்த்து எண்ணினால் இச்சொல்லின் பரப்பு விளங்கும்.

இவ்விரு பொருளையும் தாங்கும் தமிழ்ச் சொல் உண்டா? 'மீ' என்பது மேல் என்னும் பொருளுடையது. 'மீள்' என்பது திரும்பவும் என்னும் பொருளுடையது. 'மீப்பிறத்தல்' என்று ஒரு சொல்லை ஆக்கினால், கற்றோர் செவியில் இரண்டும் ஒலிக்கக்கூடும். இதனை நாம் பரிந்துரைக்கவில்லை. நிக்கொதேமு தடுமாறியது ஓர் அன்றாடச் சொல்லில். அகராதி தேடித் தடுமாறும் வாசகர் நிக்கொதேமுவின் தடுமாற்றத்தை உணரமாட்டார். பிறிதொன்றும் இங்குச் சுட்டத்தக்கது. இவ்விருபொருள் கிரேக்கத்தில்தான் அமைகிறது; இயேசு பேசிய அரமேய மொழியில் இவ்வாறு இரு பொருளும் ஒருங்கே தரும் சொல் அறியப்படவில்லை என்பர் அறிஞர். அவ்வாறாயின் இச்சிலேடை நற்செய்தியாளர் மொழியின் கொடை ஆகும்.

காற்றும் ஆவியும் திணையும்

அதே உரையாடலில் வரும் 'ப்நெயூமா' இன்னும் சிக்கலானது. காற்று, மூச்சு, ஆவி மூன்றும் இச்சொல்லில் அடங்கும். ஒரே வசனத்தில் இச்சொல் முதலில் வீசும் காற்றையும் முடிவில் ஆவியையும் குறிக்கிறது. உவமானமும் உவமேயமும் ஒரே சொல்லாக அமைந்த அரிய இடம் இது. தமிழ் மொழிபெயர்ப்புகள் 'காற்று' என்றும் 'ஆவி' என்றும் பிரித்துவிட்டன. இங்கும் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. 'ஆவி' என்பது உயிர், மூச்சு, நீராவி, நறும்புகை எனப் பல பொருள் தந்தும் வீசும் காற்றைக் குறிப்பதில்லை. 'வளி' காற்றையும் குறிக்கும். பிறப்பியலில் உந்தியிலிருந்து எழுந்து எழுத்தொலியாகும் மூச்சையும் குறிக்கும். மருத்துவ நூலார் கூறும் மூன்றில் ஒன்றையும் குறிக்கும். ஆயின் இறைப்பொருண்மை அதற்கில்லை. இரண்டு சொற்களும் சேர்ந்தாலன்றி ஒரு 'ப்நெயூமா' ஆகாது.

இதனினும் ஆழமான சிக்கல் திணை பற்றியது. கிரேக்கத்தில் 'ப்நெயூமா' ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத மூன்றாம் பாற்சொல். ஆயின் கிரேக்கப் பால், பொருள் பற்றியதன்று. சொல்லின் ஈறு பற்றியது. குழந்தையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் அதே மூன்றாம் பாலினதே. அங்ஙனமாக, பால் கொண்டு அஃது ஆளா பொருளா என்று முடிவு செய்ய இயலாது. தமிழில் திணை பொருள் பற்றியது. 'ஆவி' என்று வாளா நிறுத்தினால் அஃறிணை முடிபு கொள்ளும். உயர்திணையாக்க வேண்டின் ஏதேனும் ஒட்டு வேண்டும். பழைய மொழிபெயர்ப்பு 'ஆவியானவர்' என்றது. பொது மொழிபெயர்ப்பு, தந்தையார், ஆசிரியனார் என்னும் மரபைப் பின்பற்றி 'ஆவியார்' என்றது. இவ்விரண்டும் தமிழ் இலக்கணம் கட்டாயப்படுத்தியதனால் பிறந்த சொற்கள். எந்த வசனத்தில் 'ஆவி', எந்த வசனத்தில் 'ஆவியானவர்' என்று ஒவ்வோரிடத்திலும் மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்தாக வேண்டும். மனிதருடைய உள்ளமா, தூய ஆவியாரா என்று மூலம் தெளிவாகக் கூறாத இடங்கள் பவுலின் கடிதங்களில் பலவாகும்.

ஆங்கிலத்தார்க்கு இங்கு ஓர் எளிய வழி உண்டு. முதலெழுத்தைப் பெரிதாக எழுதினால் இறையாவி. சிறிதாக எழுதினால் மனித ஆவி. செவிக்கு வேறுபாடில்லை, கண்ணுக்கு மட்டுமே உண்டு. பழங்கிரேக்கச் சுவடிகளில் அத்தகைய வேறுபாடு இல்லை. எழுத்துகள் அனைத்தும் ஒரே அளவின. தமிழெழுத்திலும் இல்லை. தமிழ் வாசகர் கிரேக்கச் சுவடியின் முதல் வாசகருக்கு இவ்வகையில் நெருக்கமானவர் என்றே சொல்லலாம். ஆயினும் திணை அவரை விடுவதில்லை. யோவான் நான்காம் அதிகாரத்தில், கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் வழிபாடு பற்றிக் கூறுமிடத்தில், பழைய மொழிபெயர்ப்பு 'ஆவியோடும்' என்று நின்றுவிட, பொது மொழிபெயர்ப்பு 'உள்ளத்தில்' என்று பொருளை விரித்துச் சொல்கிறது. விரித்துச் சொன்னது எளிதில் விளங்குகிறது. கதவு ஒன்றும் சாத்தப்படுகிறது. இவ்விடத்தில் பழைய மொழிபெயர்ப்பே நமக்கு உடன்பாடு.

தமிழ் ஈட்டிய இடங்கள்

இழப்புகளை மட்டுமே கூறுதல் முறையாகாது. யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், ஒளியை இருள் என்ன செய்யவில்லை என்று கூறும் வினை 'கதலம்பானோ'. இது பிடித்தல், மேற்கொள்ளுதல், அறிவால் உணர்தல் என விரியும். பொது மொழிபெயர்ப்பு, வெற்றி கொள்ளுதல் என்னும் பொருளைத் தேர்ந்தது. பழைய மொழிபெயர்ப்பின் சொல் 'பற்றிக்கொள்ள' என்பது. பற்றுதல் கையால் பிடித்தலும் ஆகும். கருத்தைப் பற்றுதலும் ஆகும். தீப் பற்றுதலும் ஆகும். ஒளியைப் பற்றிய வாக்கியத்தில் மூன்றாம் பொருள் தானாகவே வந்து நிற்கிறது. மூலத்தில் இல்லாத அவ்வழகைத் தமிழ் தன் கைப்பொருளாகச் சேர்த்துக்கொண்டது. இதே வினை 12ஆம் அதிகாரத்தில் மீண்டும் வரும்போது பழைய மொழிபெயர்ப்பு இருளில் 'அகப்படுதல்' என்று கூறுவதால் தொடர்பு அற்றுப்போவது உண்மையே.

'பராக்ளேத்தோஸ்' என்பதும் அவ்வாறே. துணைக்காக அருகே அழைக்கப்பட்டவர் என்பது இதன் சொற்பொருள். வழக்காடுமிடத்தில் பரிந்து பேசுபவர், தேற்றுபவர், துணைவர் எனப் பல பொருள் கொள்ளப்படும். இலத்தீன் வுல்காத்தா மொழிபெயர்ப்பு யோவான் நற்செய்தியில் கிரேக்கச் சொல்லையே ஒலிபெயர்த்து வைத்துக்கொண்டது. தமிழில் பழைய மொழிபெயர்ப்பு 'தேற்றரவாளன்' என்றும், பொது மொழிபெயர்ப்பு 'துணையாளர்' என்றும் கூறுகின்றன. யோவானின் முதலாம் கடிதத்தில் இதே சொல்லை இரண்டுமே பரிந்து பேசுதல் என்னும் பொருளில் வேறு சொல்லால் பெயர்த்துள்ளன. 'துணையாளர்' எளிமையும் மூலச் சொற்பொருளுக்கு அணுக்கமும் உடையது. 'தேற்றரவாளன்' இன்று பலர்க்குக் கடினம். எனினும் தமிழாசிரியர் அச்சொல்லை எளிதில் கைவிட மாட்டார். தேற்றுதல் துயர் நீக்குதல் மட்டுமன்று, தெளிவித்தலும் ஆகும். தேற்றப்பொருளில் வரும் ஏகாரத்தை நாம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். கலங்கிய நீரைத் தெளியச் செய்யும் தேற்றாங்கொட்டையைக் கலித்தொகை அறியும். கலங்கிய உள்ளத்தைத் தெளியவைத்து உண்மையை உணர்த்துபவர் என்று யோவான் வருணிக்கும் ஒருவருக்கு இதனினும் பொருந்திய சொல்லை அமைப்பது அரிது. மொழிபெயர்ப்பாளர் இவ்வளவும் கருதினாரா என்பது வேறு.

எங்கும் காணப்படாத ஒரு சொல்

இனி, தொடக்கத்தில் கூறிய உணவுக்கு வருவோம். 'எப்பியூசியோஸ்' என்னும் அடைமொழி மத்தேயு, லூக்கா ஆகிய இருவரும் தரும் இறைவேண்டலில் மட்டுமே நற்செய்திகளில் வருகிறது. அவற்றைச் சார்ந்து எழுந்த ஆக்கங்கள் தவிரப் பழங்கிரேக்க இலக்கியத்தில் இஃது அறியப்படவில்லை. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரிகன், கிரேக்கத்தைத் தாய்மொழிபோல் ஆண்டவர்; அவரே இச்சொல் கற்றோரிடத்தும் மற்றோரிடத்தும் வழங்கவில்லை, நற்செய்தியாளர் ஆக்கிய சொல் போலும் என்று கருதினார். எகிப்தியப் பாப்பிரசு ஏடு ஒன்றில், வீட்டுச் செலவுக் கணக்கில், இச்சொல் காணப்படுவதாக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் அறிஞர் பதிப்பித்தார். ஏடு பின்னர்க் காணாமற்போயிற்று. ஒரு நூற்றாண்டுக் காலம் அகராதிகள் அந்த ஒற்றைச் சான்றையே சுட்டிவந்தன. 1998இல் யேல் பல்கலைக்கழகத்தில் அவ்வேடு மீண்டும் கண்டெடுக்கப்பட்டு ஆராயப்பட்டபோது, அங்கிருந்தது எண்ணெயைக் குறிக்கும் சொல் என்பது தெரியவந்தது.

சான்று இல்லாதவழிச் சொற்பிறப்பே துணை. இருப்பு அல்லது சாரம் என்னும் சொல்லோடு சேர்த்துப் பிரித்தால், 'வாழ்வுக்கு வேண்டிய' என்று பொருள்படும்; அதனையே வேறு வகையாகக் கொண்டால் 'சாரத்தைக் கடந்த' என்றாகும். நிகழும் நாளைக் குறிக்கும் தொடரிலிருந்து வந்ததாகக் கொண்டால் 'இந்நாளுக்குரிய'. வரும் நாளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாகக் கொண்டால் 'நாளைக்குரிய'. எரோணிமு என்னும் ஜெரோம், மத்தேயுவில் சாரத்தைக் கடந்த உணவு என்றும் லூக்காவில் அன்றாட உணவு என்றும் ஒரே கிரேக்கச் சொல்லை இரு வகையாக இலத்தீனில் பெயர்த்தார். எபிரேயருடைய நற்செய்தி ஒன்றில் இவ்விடத்தில் நாளை எனப் பொருள்படும் சொல் இருந்ததாகவும் அவரே குறித்துள்ளார்.

கத்தோலிக்க வழிபாட்டில் நிலைபெற்ற இலத்தீன் வடிவம் அன்றாட உணவு என்பதே. தமிழின் 'அனுதின உணவு' அதன் வழி வந்தது எனலாம். கிரேக்க மூலத்தை நோக்கிய சீர்திருத்தச் சபை மொழிபெயர்ப்பாளர் 'வேண்டிய' என்று தேவைப்பொருளை ஏற்றனர். பொது மொழிபெயர்ப்பு மத்தேயுவில் 'இன்று தேவையான' என்றும் லூக்காவில் 'அன்றாட' என்றும் கூறி இரு மரபையும் ஒருவாறு பகிர்ந்துகொண்டது. ஆனால் செபம் மனப்பாடத்தில் நிற்பது; அச்சில் மாறினாலும் நாவில் மாறாது.

இங்கு ஒன்று கூறத் தோன்றுகிறது. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்க்கு நாட்கூலியே வாழ்வு. அவர்களுள் கிறித்தவராயிருந்தோர் 'அனுதினம்' என்று வேண்டியபோது, சாரமும் நாளையும் அவர் எண்ணத்தில் வந்திரா. அன்றாடங்காய்ச்சி என்னும் சொல்லை உடைய மொழியில் இப்பொருள் தன் கால்களில் தானே நிற்கிறது. சொற்பிறப்பு அறிஞர் நால்வகையாகப் பிரித்தாலும், பசித்தவர் கொண்ட பொருளைப் பிழை என்று சொல்லும் துணிவு நமக்கில்லை.

நாமா, நாங்களா?

இதுவரை கூறியவற்றில் கிரேக்கச் சொல்லின் விரிவு தமிழை நெருக்கியது. தமிழின் நுட்பமே சிக்கலை உண்டாக்கும் இடமும் உண்டு. கிரேக்கத்தில் தன்மைப் பன்மைப் பெயர் ஒன்றே. தமிழில் கேட்போரை உளப்படுத்தும் 'நாம்', உளப்படுத்தாத 'நாங்கள்' என இரண்டு. மலாய் மொழியும் 'கித்தா', 'காமி' என்று இவ்வாறே பகுப்பதனால் நம் மாணவர்க்கு இதனை விளக்குவது எளிது. இறைவனை நோக்கிய வேண்டலில் ஐயமில்லை. தமிழில் 'எங்கள்', மலாயில் 'காமி'.

மாற்கு நான்காம் அதிகாரத்தில் புயலில் சிக்கிய படகை எண்ணுக. சீடர் அலறுகின்றனர், இயேசு பின்னணியத்தில் உறங்குகிறார். மடியப்போவது யார்? சீடர் மட்டுமா, உறங்குகிறவரும் சேர்ந்தா? 'நாம்' என்றால் அவரும் நம்மைப் போல் மூழ்கக்கூடியவர் என்று சீடர் எண்ணியதாகும். 'நாங்கள்' என்றால் அவருக்கு இடரில்லை, எங்கள்மேல் அக்கறையுமில்லை என்னும் முறையீடாகும். கிரேக்கம் இதனைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அதற்கில்லை. பழைய மொழிபெயர்ப்பு 'நாங்கள்' என்று முடிவு செய்தது. பொது மொழிபெயர்ப்பு பெயரையே விட்டுவிட்டு, 'சாகப்போகிறோமே' என்னும் வினைமுற்றால் கடந்தது. ஓம் ஈறு உளப்பாட்டு வேறுபாட்டைக் காட்டாது. பெயரில் தமிழ் கேட்கும் தெளிவை வினையீற்றில் தமிழே தள்ளுபடி செய்கிறது. அவ்விலக்கண இடைவெளியில் மூலத்தின் ஐயம் முழுமையாகக் காப்பாற்றப்பட்டது. மொழிபெயர்ப்புக் கலையில் இதனை ஒரு நுண்ணிய வெற்றி என்றே நாம் கருதுகிறோம்.

எல்லா இடத்திலும் இத்தகைய இடைவெளி வாய்ப்பதில்லை. அப்போது அடிக்குறிப்பு வேண்டும். பரிமேலழகர் முதலிய உரையாசிரியர், தமக்கு உடன்பாடில்லாத பொருளையும் 'என்பாரும் உளர்' என்று பதிவு செய்து சென்றனர். அம்மரபு நமக்கு அயலானதன்று. விவிலியப் பதிப்புகளில் 'ஆனோதென்', 'ப்நெயூமா' வரும் இடங்களில் ஓரிரு வரி உரைக்குறிப்பு அமைவது, கையடக்கப் பதிப்புகளிலும்கூட, இயலாத செயலன்று. அதுவரை, மொழிபெயர்ப்பியல் கற்பிக்கும் ஆசிரியர் யோவான் மூன்றாம் அதிகாரத்தின் பழைய மொழிபெயர்ப்பையும் பொது மொழிபெயர்ப்பையும் மலாய் மொழிபெயர்ப்பையும் ஒரே தாளில் அருகருகே அச்சிட்டு மாணவர் கையில் கொடுக்கலாம். 'மறுபடியும்' வரும் இடத்தை அடிக்கோடிட்டு, 31ஆம் வசனத்தில் அதே சொல் எங்கே மறைந்துள்ளது என்று தேடச் சொன்னால், சமய வேறுபாடின்றி வகுப்பு முழுவதும் பேசத் தொடங்கும்.